பயப்படுவது யார், துப்புத் துலக்குவது யார்: பழைய ஹாலிவுட் நகைச்சுவைத் துப்பறியும் படங்களைப் பார்க்க ஒரு வழிகாட்டி

1930களிலும் 40களிலும் ஹாலிவுட் ஒரு வகைப் படத்தைச் சலிக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தது. பெரிய பழைய வீடு, வாசிக்கப்படும் உயில், இடியும் மழையும், புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து நீளும் கை, ஒரு கொலை, நடுநடுவே சிரிப்பு. பல படங்கள் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரம். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய அமெரிக்கத் தியேட்டர்களுக்காகவே தயாரான சின்னப் படங்கள் இவற்றில் நிறைய. இந்தப் படங்கள் மேல் எனக்குத் தீராத பிரியம். அதனாலேயே இவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் கொஞ்சம் பிடிவாதமும் உண்டு.

கறுப்பின மக்களும் சீனர்களும் ஜப்பானியர்களும் இவற்றில் வருகிற விதம் பல இடங்களில் வலிக்கும். பார்ப்பவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் காணாமல் போவது அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆள். ஸ்டூடியோ அவருக்கு என்ன இடம் கொடுத்தது என்பது ஒரு கணக்கு. அந்த இடத்துக்குள் நின்று அவர் என்ன செய்தார் என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நான் பார்க்கும் முறை இதுதான், விவரமாகச் சொல்கிறேன்.

ஜோடியாகப் பாருங்கள்

ஒரு படத்தை மட்டும் பார்த்தால் எது கதைக்குத் தேவை, எது பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒரே கதையை இரண்டு முறை எடுத்திருந்தால் அது தானாகவே தெரிந்துவிடும். தொடங்குவதற்கு நல்ல ஜோடி, 1940இல் வந்த 'த கோஸ்ட் பிரேக்கர்ஸ்', 1953இல் வந்த 'ஸ்கேர்ட் ஸ்டிஃப்'. இரண்டையும் இயக்கியவர் ஜார்ஜ் மார்ஷல்தான்.

முதல் படத்தில் பாப் ஹோப் ஒரு வானொலிக்காரர். கதாநாயகி பாலெட் கொடார்டுக்குக் கியூபாவில் பேய் உலவும் மாளிகை ஒன்று சொத்தாக வருகிறது. ஹோப்பின் பணியாள் அலெக்ஸாகக் கறுப்பின நடிகர் வில்லி பெஸ்ட் வருகிறார். மின்சாரம் போன இருட்டில் அலெக்ஸின் தோல் நிறத்தை வைத்து ஹோப் ஒரு ஜோக் அடிப்பார். அந்த இடத்தில் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். ஆனால் அணைக்காமல் தொடர்ந்து பாருங்கள். ஹோப்பும் பயந்தவர்தான், கோழைத்தனம்தான் அவருடைய நகைச்சுவைக்கே மூலதனம். அப்படியானால் இரண்டு பேருடைய பயத்துக்கும் என்ன வித்தியாசம்? ஹோப் நடுங்கிக்கொண்டே உள்ளே போவதைப் படம் காதல் என்றும் துணிச்சல் என்றும் கணக்கில் வைக்கிறது. பெஸ்ட் நடுங்கிக்கொண்டே உள்ளே போவது முதலாளி போகிறாரே என்பதற்காக. அவருடைய துணிச்சலைப் படம் எண்ணுவதே இல்லை.

இப்போது இரண்டாவது படத்துக்கு வாருங்கள். இதில் டீன் மார்ட்டின், ஜெரி லூயிஸ் என்ற வெள்ளைக்கார நகைச்சுவை ஜோடி. அலெக்ஸ் போன்ற பணியாள் கதையிலேயே இல்லை. பயம் முழுவதும் லூயிஸுக்குப் போய்விட்டது: அதே திக்கல், அதே பிதுங்கும் கண், அதே கால் உதறல். ஆனால் லூயிஸ் நடுங்கும்போது "வெள்ளைக்காரர்களே பயந்தாங்கொள்ளிகள்" என்று யாருக்கும் தோன்றாது. அது லூயிஸின் சேட்டை, அவ்வளவுதான். பெஸ்ட் அதையே செய்தபோது அது ஓர் இனத்தின் குணமாகக் காட்டப்பட்டது. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு இதற்கு யாருடைய விளக்கமும் உங்களுக்குத் தேவைப்படாது.

கூடவே ஒன்றையும் கவனியுங்கள். பணியாள் போன இடத்தில் 1953இல் பிரேசில் பாடகி கார்மென் மிராண்டா வருகிறார், அவருடைய கடைசிப் படம் அது. அவரைப் போலவே உடுத்திக்கொண்டு லூயிஸ் ஆடுவதும் உண்டு. கேலிக்கு ஓர் ஆள் போனால் இன்னோர் ஆள் வந்துவிடுகிறது.

பயந்து நடுங்கும் கறுப்பினப் பணியாளை வில்லி பெஸ்ட் கண்டுபிடிக்கவில்லை. 1922இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'ஒன் எக்ஸைட்டிங் நைட்' என்ற மௌனப் படத்திலேயே அந்தப் பாத்திரம் இருக்கிறது; அதில் நடித்தது முகத்தில் கறுப்பு மை பூசிய போர்ட்டர் ஸ்ட்ராங் என்ற வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர்கள் மேடையில் பூசிக்கொண்ட வேடத்தை, பேசும் படம் வந்த பிறகு கறுப்பின நடிகர்களையே போடச் சொன்னார்கள். பெஸ்ட்டுக்கு ஆரம்பப் படங்களில் சொந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. எழுத்து ஓடும்போது 'ஸ்லீப் அண்ட் ஈட்' என்று போட்டார்கள், அதாவது தூங்கித் தின்கிறவன். அதனால் ஒரு படத்தின் தொடக்கத்தில் 'வில்லி பெஸ்ட்' என்ற பெயர் வந்தால் ஒரு நொடி நிறுத்தி அதைப் படியுங்கள்.

நோட்டில் மூன்று கேள்விகள்

பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். முழுப் பெயர் யாருக்கு இருக்கிறது? தடயத்தை முதலில் பார்ப்பது யார்? காட்சியை முடித்துவைக்கும் கடைசிப் பேச்சு யாருடையது?

முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதில்தான் ஆச்சரியங்கள் இருக்கின்றன. பணியாட்கள் பல படங்களில் பிணத்தையோ ரகசியக் கதவையோ முதலில் பார்த்துவிடுகிறார்கள், சொல்லியும் விடுகிறார்கள். யாரும் நம்புவதில்லை. அரை மணி நேரம் கழித்துக் கதாநாயகன் அதையே "கண்டுபிடிக்கிறார்". 1941இல் வந்த 'கிங் ஆஃப் த ஜோம்பீஸ்' படத்தில் கறுப்பின நடிகர் மேன்டன் மோர்லேண்ட் ஜோம்பிகளை, அதாவது நடமாடும் பிணங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொல்லும் காட்சிகளை இந்தக் கேள்வியோடு பாருங்கள். அந்த வீட்டில் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது கேள்விக்கு என் உதாரணம் 'சார்லி சான் அட் த ஓபரா', 1936. வில்லியம் டெமரெஸ்ட் நடிக்கும் போலீஸ்காரர், சீனத் துப்பறிவாளர் சானைப் படம் முழுக்கச் சாப்பாட்டுப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்கிறார். சான் கோபப்படுவதில்லை, வேலையைப் பார்க்கிறார், வழக்கை முடிக்கிறார். கடைசியில் அந்தப் போலீஸ்காரர் இறங்கி வந்து பாராட்டுகிறார். பாராட்டும்போதும் அதே சாப்பாட்டு உவமைதான். வாதத்தில் சான் ஜெயித்துவிட்டார், மரியாதை மட்டும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. கடைசிப் பேச்சைக் கவனித்தால்தான் இது பிடிபடும்.

சார்லி சான் படங்களில் மகனைப் பாருங்கள்

இந்த வகையில் மிக அதிகம் பேசப்படுவதும் சண்டை போடப்படுவதும் சார்லி சான் வரிசைதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏர்ல் டெர் பிகர்ஸ் 1925இல் எழுதிய நாவலில் சான் அறிமுகமானார். ஹோனலூலுவில் நிஜமாகவே சாங் அபானா என்ற சீன வம்சாவளித் துப்பறிவாளர் ஒருவர் இருந்தார். சானுக்குப் பின்னால் அவருடைய நிழல் உண்டு. மௌனப் பட காலத்தில் ஜார்ஜ் குவா, சோஜின் என்ற ஜப்பானிய நடிகர்கள் சானாக வந்தார்கள். அப்போது சான் சின்னப் பாத்திரம். கதாநாயகனாக உயர்ந்தபோது, 1931இல், வேடம் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்குப் போயிற்று. அவர் 1938இல் இறந்ததும் சிட்னி டோலர், அப்புறம் ரோலண்ட் வின்டர்ஸ். பாத்திரம் பெரிதாக ஆக, ஆசிய முகம் விலகிப்போனதை இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

ஓலண்டின் சான் புத்திசாலி, நிதானமானவர், பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர். அந்தக் காலப் படங்களில் சீனர் என்றால் பெரும்பாலும் வில்லன். அதற்கு எதிராக நின்ற ஒருவர் என்று சானை விரும்பியவர்கள் சீனாவிலேயே இருந்தார்கள். 1936இல் ஓலண்ட் ஷாங்காய் போனபோது நல்ல வரவேற்பு. அங்கே உள்ளூர்க்காரர்களே சார்லி சான் படங்கள் எடுத்தார்கள். இன்னொரு பக்கம், ஆசிய அமெரிக்கர் பலருக்கு ஒட்டவைத்த அந்த வேடமும் உடைந்த ஆங்கிலமும் வாழ்நாள் அவமானம். 2003இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி இந்தப் படங்களை வரிசையாகக் காட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தியது. இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே படத்தைத்தான். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் ஆலோசனை, இரண்டாம் முறை பார்க்கும்போது சானை விட்டுவிடுங்கள். மூத்த மகன் லீயைப் பாருங்கள். அவராக நடித்தவர் கீ லூக், குவாங்சோவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்தவர், நடிக்க வருவதற்கு முன் ஓவியர். அப்பா பழமொழிகளில் நிறுத்தி நிறுத்திப் பேசும்போது பையன் "ஜீ, பாப்!" என்று துள்ளிக்கொண்டு சரளமான அமெரிக்க ஆங்கிலத்தில் குறுக்கிடுவார். அவசரக்காரர், தவறான ஆளைத் துரத்துவார், அடி வாங்குவார். ஆனால் அந்தத் தவறுகள் எந்த அமெரிக்க இளைஞனும் செய்யக்கூடியவை, சீனராக இருப்பதால் செய்பவை அல்ல. 1937இல் வந்த 'சார்லி சான் அட் த ஒலிம்பிக்ஸ்' படத்தில் லீ அமெரிக்க நீச்சல் அணியில் இடம்பெற்று பெர்லினுக்குப் போகிறார். 1936 போட்டியின் நிஜக் காட்சிகளும் அதில் உண்டு, கறுப்பின ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடுவதையும் பார்க்கலாம். சீனர்கள் குடியேறுவதைத் தடுக்க 1882இல் போட்ட சட்டம் அப்போதும் அமெரிக்காவில் அமலில் இருந்தது. 1943இல்தான் அதை நீக்கினார்கள். அந்த நாட்டின் கொடிக்காக ஒரு சீனப் பையன் நீந்துவதைச் சாதாரண விஷயம் போலக் காட்டிய படம் இது. எனக்கு அந்தக் காட்சி மிகவும் முக்கியம்.

இதற்கும் ஒரு ஜோடி இருக்கிறது. மோனோகிராம் என்ற சின்ன ஸ்டூடியோ 'மிஸ்டர் வாங்' என்ற சீனத் துப்பறிவாளரை வைத்து ஒரு வரிசை எடுத்தது; முதல் ஐந்து படங்களில் வாங்காக நடித்தவர் போரிஸ் கார்லாஃப் என்ற ஆங்கிலேயர். 1940இல் வந்த ஆறாவது படம் 'ஃபேன்டம் ஆஃப் சைனாடவுன்'. அதில் கீ லூக்தான் வாங். முகத்தில் ஒட்டுவேலை இல்லை, உடைந்த மொழி இல்லை, பழமொழி இல்லை. சீனக் கல்லறைகளைத் தோண்டிப் பொருள்களைக் கொண்டுவரும் அமெரிக்க ஆய்வாளர்களைப் பற்றிய பேச்சு வரும்போது, சீன ஆய்வாளர்கள் ஜார்ஜ் வாஷிங்டனைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்களாமே என்று வாங் போலீஸ் அதிகாரியிடம் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார். செலவில்லாமல் எடுத்த படம், விறுவிறுப்பும் குறைவு. ஆனாலும் கார்லாஃபின் படம் ஒன்றைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், சரியான ஆள் வந்து உட்கார்ந்ததும் வசனமே மாறிவிடுவது தெரியும். அந்த வரிசை அதோடு நின்றுவிட்டது.

மோர்லேண்டைக் காதால் பாருங்கள்

டோலர் காலத்துச் சான் படங்கள் மோனோகிராமுக்கு மாறியபோது மேன்டன் மோர்லேண்ட் பர்மிங்ஹாம் பிரவுன் என்ற கார் ஓட்டுநராக வந்து சேர்ந்தார். கண்ணை உருட்டுவது, பேய்க்குப் பயப்படுவது எல்லாம் அந்தப் பாத்திரத்துக்கு எழுதி வைத்தவை. அவர் தன் கையோடு கொண்டுவந்த வித்தை வேறு. 'த ஸ்கார்லெட் க்ளூ' (1945), 'டார்க் அலிபை' (1946) இரண்டிலும் பென் கார்ட்டரோடு அவர் பேசும் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். கறுப்பின மேடைக் கலைஞர்கள் ஃப்ளோர்னாய் மில்லரும் ஆப்ரி லைல்ஸும் உருவாக்கிய பாணி அது. ஒருவர் வாக்கியத்தைத் தொடங்குவார், மற்றவர் அது முடிவதற்குள் புரிந்துகொண்டு பதிலைத் தொடங்குவார், அதையும் முடிக்க விடாமல் முதலாமவர் வெட்டுவார். அதன் வடிவம் தோராயமாக இப்படி இருக்கும்:

"நேத்து நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா, அந்த…"
"அவனா? அவன்தான் ஊரை விட்டே…"
"இல்லையே, திரும்பி வந்து அந்தப் பொண்ணை…"
"அவளையா! அவளுக்கு வயசு…"
"அவ்வளவு இருக்காது, ஒரு…"

ஒரு வாக்கியமும் முடியாது, ஆனால் அவர்கள் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் விழிப்பார்கள். வாழ்நாள் முழுக்க மேடையில் பழகியவர்களால்தான் இந்தத் தாளத்தைப் பிடிக்க முடியும். இந்தக் காட்சிகளில் சப்டைட்டிலை நிறுத்திவிடுங்கள், முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். எழுத்தில் படித்தால் வெறும் துண்டுகள். காதில் விழும்போதுதான் அது கலை. கதையைப் பார்த்தால் அவர் சானின் ஓட்டுநர். அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் படம் அவருடையது.

1942இல் கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் தலைவர்களில் ஒருவரான வால்டர் வைட் ஹாலிவுட்டுக்குப் போய், இந்த மாதிரிப் பணியாள் வேடங்களை விட்டுவிட்டு நல்ல பாத்திரங்களைக் கொடுங்கள் என்று ஸ்டூடியோ முதலாளிகளிடம் பேசினார். கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த வேடங்களை நம்பிப் பிழைத்த நடிகர்களுக்குக் கோபம் வந்தது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்று. பழைய வேடங்கள் குறைந்த வேகத்தில் புதியவை வரவில்லை. மோர்லேண்ட், பெஸ்ட் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுத்த படங்களை விடாதீர்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. இனப் பிரிவினை இருந்த காலத்தில், கறுப்பின மக்கள் போகும் தியேட்டர்களுக்கென்றே தனியாகப் படங்கள் எடுக்கப்பட்டன. 1940இல் வந்த 'சன் ஆஃப் இன்காகி' அதில் ஒன்று. எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். துப்பறிவாளர் நெல்சனாக நடித்தவரும் அவரே. படத்தில் வரும் பழைய வீட்டில் டாக்டராகவும் விஞ்ஞானியாகவும் ஒரு பெண், லாரா போமன். இளம் ஜோடி, வக்கீல், போலீஸ், பூதம் எல்லாமே கறுப்பின நடிகர்கள். நெல்சன் சாண்ட்விச் செய்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பூதம் அதை எடுத்துத் தின்றுவிடும் காட்சியில், நாம் சிரிப்பது ஒரு மந்தமான துப்பறிவாளரைப் பார்த்துத்தான். எல்லாரும் ஒரே இனமாக இருக்கும்போது கோமாளித்தனம் அந்த ஒரு ஆளோடு நின்றுவிடுகிறது, இனத்தின் மேல் ஏறுவதில்லை. ஒலியும் ஒளியும் சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள்

இந்த இடத்தில் பழைய ஹாலிவுட் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே செய்திருக்கிறது. 1932இல் வந்த 'த பெங்குவின் பூல் மர்டர்' படத்தில் நாற்பது வயது தாண்டிய, கல்யாணமாகாத பள்ளி ஆசிரியை ஒருவர் நியூயார்க் மீன்காட்சியகத்தில் நடந்த கொலையைத் துப்புத் துலக்குகிறார். நடித்தவர் எட்னா மே ஆலிவர். 1937இல் தொடங்கிய டார்ச்சி பிளேன் வரிசையில் கிளெண்டா ஃபாரெல் நிருபர். மூலக் கதைகளில் அந்த நிருபர் ஓர் ஆண்.

ஆனால் யாருடைய செலவில் இந்தப் பெண்கள் சுதந்திரமாகத் திரிகிறார்கள் என்று கேளுங்கள். 'த மேட் மிஸ் மேன்டன்' (1938) இதற்குச் சரியான படம். பார்பரா ஸ்டான்விக் தன் தோழிகளோடு ராத்திரியில் பிணம் தேடி அலைகிறார்; வீட்டைப் பார்த்துக்கொள்வது ஹாட்டி மெக்டேனியல் நடிக்கும் ஹில்டா. ஹில்டா வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர் இல்லை. எதிர்த்துப் பேசுவார், கதாநாயகன் ஹென்றி ஃபோண்டாவின் முகத்தில் தண்ணீர் ஊற்றுவார். அவர் பேசும் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் காட்சியில் யார் தடுமாறுகிறார்கள் என்று குறித்து வாருங்கள். ஒன்றரை ஆண்டுக்குள், 1940 பிப்ரவரியில், மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த ஹோட்டலில் அவருக்குத் தனி மேசை, மற்ற நடிகர்களிடமிருந்து தள்ளி.

திரையில் எது வரக்கூடாது என்பதற்கும் எழுத்தில் விதி இருந்தது. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் தயாரிப்பு விதிமுறை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலைத் தடை செய்தது, ஒருபால் ஈர்ப்பைக் காட்டுவதையும் தடுத்தது. ஹோட்டல் குமாஸ்தாவாகவும் கடை மேலாளராகவும் வந்து பதறும் ஃப்ராங்க்ளின் பாங்போர்ன் போன்றவர்கள் ஏன் எப்போதும் துணையில்லாமலே வருகிறார்கள் என்று யோசித்தால், இந்த விதியில் போய் நிற்பீர்கள்.

மற்றவர்களுக்குக் காட்டும்போது

என் அக்கா மகளுக்கு நான் ஒலிம்பிக்ஸ் படத்தைத்தான் முதலில் காட்டினேன். தொடங்கும் முன்பே, அப்பாவாக நடிப்பவர் ஸ்வீடன்காரர், மகனாக நடிப்பவர் சீனர் என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா அந்த அண்ணாவையே பெரிய டிடெக்டிவா போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். அதனால் அடுத்ததாக 'ஃபேன்டம் ஆஃப் சைனாடவுன்' போட்டேன். குழந்தைகளுக்குக் காட்டும்போது முன்கூட்டியே இரண்டு வாக்கியம் போதும். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுத்தால் சிரிப்பும் போய்விடும், மர்மமும் போய்விடும். கிண்டல் வசனம் வந்து அவர்கள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் மட்டும் நிறுத்துங்கள். அந்தக் கிண்டலுக்கு உள்ளாகும் சமூகத்தைச் சேர்ந்தவர் கூட இருந்தால், எந்தப் படம், அதில் என்ன வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு படம் பாருங்கள்.

கடைசி வேலை படம் முடிந்த பிறகு. திரையில் பெயர் வராத நடிகர்களை அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் பட்டியலில் தேடலாம், அது இணையத்தில் இருக்கிறது. பணியாள், லிஃப்ட் இயக்குபவர், சலவைக்காரர், ரயிலில் பெட்டி தூக்குபவர் என்று வந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடுங்கள். 'த கோஸ்ட் பிரேக்கர்ஸ்' படத்தில் ஜோம்பியாக வருபவர் நோபில் ஜான்சன். 1916இல், கறுப்பின மக்களைக் கௌரவமாகக் காட்டுவதற்கென்று லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர். பெரிய ஸ்டூடியோக்களில் அவருக்குக் கிடைத்தவை பழங்குடித் தலைவர், அரபி, ஜோம்பி போன்ற வேடங்கள். அவருடைய பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, அவர் வரும் அடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். 1933இல் வந்த 'கிங் காங்' எளிதில் கிடைக்கும்.